வலப்பக்கம் திருப்பினால் வரும் சத்தம்

பெரிய சக்கரம் மாட்டினால் உரசத்தான் செய்யும், மேடம். வாங்கும்போது யாரும் இதை நினைப்பதில்லை. கடைவாசலில் நிற்கிற வண்டியைப் பார்க்கிறார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது, நமக்கும் அதுபோல வேண்டும் என்கிறார்கள். ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பார்த்து வாங்குகிறவனை நான் கண்டதில்லை. வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய் வாசலில் திருப்பும்போதுதான் கர்ரென்று கேட்கும். அப்புறம் என்னிடம் வருவார்கள்.

கிரியாங்கும் அப்படித்தான் வந்தான்.

அவன் மலைமேலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு லோம்சாக் சந்தைக்கு வருகிறவன். அந்த வேலைக்குக் கம்பெனி போட்டுக் கொடுத்த சக்கரமே போதும். மலையிலிருந்து இறங்குகிற மற்ற பிக்கப்புகள் எல்லாம் உயரமாக நிற்பதைப் பார்த்து இவனுக்கும் ஆசை வந்தது. எங்கேயோ வெளியூரில் போய் அகலமான ரிம்மும் பெரிய டயரும் மாட்டிக்கொண்டு வந்தான். மாட்டியது நானில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். என்னிடம் கேட்டிருந்தால் அந்த அளவே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

கூட அவன் நண்பன் விச்சா வந்திருந்தான். அவன் வண்டியைவிட்டு இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"லெர்ட் அண்ணே, இவன் வண்டிக்குப் பல்லு முளைச்சிருக்கு. திரும்புற பக்கமெல்லாம் கடிக்குது."

"வாயை மூடுடா," என்றான் கிரியாங்.

"நேத்து சந்தையில திருப்பினான் பாருங்க. கோழிக்கடைக்காரி அவ கோழிதான் கத்துதுன்னு கூண்டைத் தொறந்து பாக்குறா. மொத்தக் கூட்டமும் சிரிக்குது. பெரிய வண்டின்னு சொன்னான், பெரிய கோழியையில்ல வாங்கிட்டு வந்திருக்கான்!"

கிரியாங்கும் சிரித்தான். ஆனால் சாவியை என் மேசையில் வைத்த விதத்தை நான் பார்த்தேன். இந்தச் சிரிப்புக்கான பதிலை அவன் வீட்டில் யாரோ வாங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்று அப்போதே தெரிந்தது. அது என் வேலையில்லை.

"சத்தம் சுத்தமா போயிடணும் அண்ணே. ஒரு பொட்டு கேக்கக் கூடாது," என்றான்.

"விட்டுட்டுப் போ. பாக்கறேன்," என்றேன்.

உரசலில் பல வகை உண்டு. சத்தத்தை வைத்தே எங்கே உரசுகிறது என்று சொல்லிவிடலாம். அவன் வண்டியை இடப்பக்கம் ஒடித்தால் டயர் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் உறையில் பட்டது. தொப் தொப்பென்று மந்தமான சத்தம், பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். வலப்பக்கம் ஒடித்தால் வேறு. இடது டயரின் பின்னோரம் போய்க் கதவுக்கு முன்னால் இருக்கிற தகட்டு மடிப்பில் உரசியது. அந்த வண்டி முன்பு ஒருமுறை அடிபட்டு, யாரோ அரைகுறையாகத் தகட்டைத் தட்டி விட்டிருந்தார்கள். மடிப்பு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. ரப்பரும் இரும்பும் உரசுகிற சத்தம் பல்லைக் கூச வைக்கும். தெருமுனை வரைக்கும் கேட்கும்.

கிரியாங்கின் வீட்டுக்கு மலைச்சாலையிலிருந்து வந்தால் வலப்பக்கம்தான் திரும்ப வேண்டும். நீங்கள் அந்த வீட்டைப் பார்த்திருப்பீர்கள். வாசலில் ஒரு பக்கம் காவல்தெய்வத்தின் சின்னக் கோயில், இன்னொரு பக்கம் சிமெண்ட் தூண். நடுவே நுழைய வேண்டுமானால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தே ஆக வேண்டும். பக்கத்தில் சோளம் உலர்த்துகிற ஆலை. பகல் முழுக்க அந்த இரைச்சலில் டீசல் வண்டி வருவதும் போவதும் வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தெரியாது. எல்லாப் பிக்கப்பும் ஒரே மாதிரிதான் உறுமுகிறது. ஆனால் இந்தக் கீச்சல் ஆலையின் இரைச்சலையும் தாண்டிக் கேட்கும்.

அவன் மனைவி சைபின் என் பட்டறைக்கு வந்தது மறுநாள் காலையில். அதைத்தான் நீங்கள் முதலில் கேட்டீர்கள். ஆமாம், வந்தாள். ஸ்கூட்டரில் வந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். அன்றைக்கு வெயில் இல்லை. ஒரு பையில் ஒட்டரிசிச் சோறும் சுட்ட கோழியும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கைகூப்பினாள். என்னைக் கும்பிட வேண்டிய காலம் அவளுக்கு வரும் என்று நான் எதிர்பார்த்ததில்லை.

"அண்ணே, அவர் வண்டியை விட்டுட்டு வந்தாராமே."

"ஆமா."

"அந்தச் சத்தத்தை எடுக்கப் போறீங்களா?"

"அதுக்குத்தானே விட்டிருக்கான்."

ஜாக்கியில் தூக்கி நிறுத்தியிருந்த வண்டியைப் பார்த்தாள். தகட்டு மடிப்பு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நேராக அதன் பக்கத்தில் போய் விரலை வைத்தாள்.

"இதை மட்டும் விட்டுடுங்க அண்ணே. இடப்பக்கம் என்ன வேணா செய்ங்க. இது இருக்கட்டும்."

"ஏன்?"

ஏன் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவள் வாயால் கேட்க வேண்டும்போல இருந்தது. அவளும் சொன்னாள். கூச்சப்படாமல், ஏதோ சமையல் விஷயம் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"விட்டு விட்டுக் கேட்டா நிதானமா திருப்புறார்னு அர்த்தம். சோத்தை எடுத்து வச்சிடுவேன். நீளமா ஒரே இழுப்பா கேட்டா குடிச்சிருக்கார். அப்ப பின்கதவு வழியா கரும்புக்காட்டுக்குள்ள போயிடுவேன். அவர் தூங்கினப்புறம் வந்துடுவேன். அவ்வளவுதான் அண்ணே. இந்தச் சக்கரம் போட்டதிலிருந்து எனக்கு ஒரு அடி விழலை. அதுக்கு முன்னாடி அவர் வர்றதே தெரியாது."

கண்ணாடியைக் கழற்றினாள். "இது பழசு," என்றாள். பழசுதான். மஞ்சளாகிப் போயிருந்தது.

நான் கேட்டுக்கொண்டேன். பேசி முடித்ததும் கும்பிட்டுவிட்டுப் போனாள். நேற்று உங்களிடம் இவ்வளவுதான் சொன்னேன். அது பொய்யில்லை.

சைபினோடு எனக்கு விரோதமா என்று கேட்டீர்கள். விரோதம் என்பது பெரிய வார்த்தை. நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்கும் ஒரு மனைவி இருந்தாள். லம்யாய். எங்கள் வீட்டில் எல்லா வீட்டிலும் இருக்கிற சத்தம் இருந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. நான் குடிப்பது குறைவு. கோபப்பட்டதும் குறைவு. வேலை முடிந்து போகும்போது வீடு ஒழுங்காக இருக்க வேண்டும், போனில் யாருடனும் அரட்டை இருக்கக் கூடாது, அதைத்தான் எதிர்பார்த்தேன். பல வருஷம் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. என் மோட்டார் சைக்கிளின் சைலன்சர் ஓட்டையாகி இருந்தது. அடுத்தவன் வண்டியைச் சரிசெய்கிறவனுக்குத் தன் வண்டியைப் பார்க்க எங்கே நேரம்? ஒருநாள் சும்மா இருந்தபோது அதை மாற்றினேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால், லம்யாய் தரையில் உட்கார்ந்து போனில் அவள் அம்மாவோடு அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் போன் கையிலிருந்து விழுந்தது.

அப்போதுதான் புரிந்தது, மேடம். இத்தனை வருஷமும் நான் பார்த்தது என் வீட்டை இல்லை. எனக்காகத் தயார் செய்து வைத்த வீட்டை. அந்த ஓட்டைச் சைலன்சர் தெருமுனையிலேயே அவளுக்குச் சேதி சொல்லியிருக்கிறது. ஒரு மனிதன் தன் வீட்டுக்கே முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுப் போக வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்.

அன்றைக்கு அவளுக்குக் கை ஒடிந்தது. விழுந்ததில் ஒடிந்தது. ஆஸ்பத்திரியில் அவளே அப்படித்தான் சொன்னாள். கட்டுப் பிரிப்பதற்கு முன்பே ஒருநாள் காணாமல் போனாள். நான் பட்டறையில் இருந்த நேரத்தில், பட்டப்பகலில், சைபின்தான் அவளைத் தன் ஸ்கூட்டரில் உட்கார வைத்துப் பஸ் நிலையத்தில் கொண்டு போய் விட்டிருக்கிறாள். நான் அவள் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டேன். மறைப்பாள் என்று நினைத்தேன்.

"ஆமா, நான்தான் கொண்டு விட்டேன்," என்றாள். "இப்ப என்ன?"

"எங்க போறதா சொன்னா?"

"உங்ககிட்ட சொல்லச் சொல்லலை."

அவள் அப்போது சிரிக்கவில்லை. ஆனால் சிரித்த மாதிரிதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சந்தையில் என்னைப் பார்க்கிற பெண்கள் அதற்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கம் பார்த்தார்கள். என் பட்டறைக்கு எதிரே நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறவள் என் கிண்ணத்தை மட்டும் சத்தமாக வைப்பாள். இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனதில் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

சரி, வேலைக்கு வருகிறேன். அந்த வேலையை நான் நன்றாகச் செய்தேன். நீங்கள் வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள், யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக் காட்டுங்கள், குறை சொல்ல முடியாது. முன்பக்க ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு தடிமனான வளையம் வைத்து வண்டியைக் கொஞ்சம் தூக்கினேன். வெறுமனே தூக்கிவிட்டு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூட்டை ஏற்றியதும் பழைய கதைதான். நான் சக்கரத்தை முன்பக்கமாகச் சற்று நகர்த்தி அலைன்மென்ட் வைத்தேன். பிளாஸ்டிக் உறையைச் சூடுகாட்டி இளக்கிப் பின்னால் தள்ளினேன். பம்பரின் உள்மூலையை அறுத்துத் தேய்த்தேன். கடைசியாகத் தகட்டு மடிப்பு. பெயிண்டைச் சுரண்டி, சுத்தியலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி உள்பக்கம் மடித்துப் படிய வைத்தேன். துருப்பிடிக்கக் கூடாது என்று மேலே இரண்டு பூச்சு அடித்தேன். அவள் விரல் வைத்துக் காட்டிய இடம் இப்போது வழவழவென்று இருக்கிறது.

அதை அப்படியே விட்டிருந்தால் என்ன என்று கேட்பீர்கள். டயரை அறுத்திருக்கும். மலைச் சரிவில் டயர் வெடித்தால் எத்தனை உயிர் போகும்? உரசுகிற டயரைத் தெரிந்தே ஓட விடுவது குற்றம். அதையும் உங்கள் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள்.

பின்னால் சிமெண்ட் மூட்டைகளை ஏற்றினேன். ஒரு சக்கரத்தைக் கட்டைமேல் ஏற்றி ஒடித்துப் பார்த்தேன். சத்தமில்லை. ஆனால் பட்டறைத் தரை வேறு, சாலை வேறு. எந்த இடத்தில் உரசியதோ அந்த இடத்தில் ஓட்டிப் பார்க்காமல் வண்டியை நான் கொடுப்பதில்லை. கிரியாங் அதற்குள் வந்து பட்டறையில் உட்கார்ந்திருந்தான். அவனை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் ஓட்டிக்கொண்டு போனேன்.

அவன் வீட்டு வாசலுக்குத்தான் போனேன். மலைச்சாலைப் பக்கமாகச் சுற்றிப் போய், அவன் வருகிற மாதிரியே வந்து, கோயிலுக்கும் தூணுக்கும் நடுவில் முழுக்க ஒடித்துத் திருப்பினேன். வண்டி வெண்ணெய் மாதிரி உள்ளே போனது. நாய்கூடத் தலையைத் தூக்கவில்லை. ஆலை இரைந்துகொண்டிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. சைபின் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, துணிகளை மடித்து ஒரு பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள் போல, தலை லேசாக ஆடியது. பின்கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு முன்னால் அரிசி மூட்டையை நகர்த்தி வைத்திருந்தாள். அவசரமாக ஓட வேண்டியிருக்கும் என்று நினைக்கிறவள் அப்படி வைக்கமாட்டாள்.

நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பவே இல்லை. பின்னால் எடுத்தேன், வந்துவிட்டேன். வேலை சுத்தமாக முடிந்திருக்கிறது என்று தெரிந்தது.

பட்டறைக்கு வந்து கிரியாங்குக்கு அரிசிச் சாராயம் ஊற்றினேன். வேலை முடிந்தால் வாடிக்கையாளருக்கு ஒரு கிளாஸ் கொடுப்பது எல்லாப் பட்டறையிலும் உண்டு. அவன் இன்னொன்று கேட்டான். கேட்கிறவனுக்கு இல்லையென்று சொல்வது எனக்குப் பழக்கமில்லை. பாட்டிலை அவன் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். விச்சா இருந்திருந்தால் தடுத்திருப்பான். அன்று விச்சாவை நான் கூப்பிடவில்லை.

"சத்தம் போச்சா அண்ணே?"

"உன் வீட்டு வாசல்லயே திருப்பிப் பாத்துட்டேன். உள்ள இருந்த உன் பொண்டாட்டிக்கே கேக்கலை."

"வீட்டுலதான் இருக்காளா?"

"இருக்கா. துணியெல்லாம் எடுத்துப் பையில வச்சிட்டிருந்தா. எங்கயாவது ஊருக்குப் போறீங்களா?"

அவன் கிளாஸைக் கீழே வைத்தான்.

"இல்லையே," என்றான்.

"அப்ப சும்மா அடுக்கி வைக்கிறா போல. போ தம்பி, போய்ச் சாப்பிடு," என்றேன்.

நான் சொன்னதில் எது பொய்? அவள் துணி அடுக்கியது உண்மை. பையில் வைத்தது உண்மை. அவர்கள் ஊருக்குப் போகிறார்களா என்று எனக்குத் தெரியாது, அதனால் கேட்டேன். அதன் பிறகு அவன் எப்படி ஓட்டினான், எப்படித் திருப்பினான், வீட்டுக்குள் என்ன செய்தான் என்பதெல்லாம் அவனுடைய வாக்குமூலத்தில் இருக்கும். நான் அப்போது பட்டறையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லையாம். ஆலை ஓடிக்கொண்டிருந்தது.

இன்று காலையில் நீங்கள் நூடுல்ஸ் கடைக்காரியைக் கூப்பிட்டு விசாரித்தீர்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். சைபின் என் பட்டறையைவிட்டு வெளியே வந்ததும் நேராக அவள் கடைக்குத்தான் போனாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "லெர்ட் அண்ணன் அந்தச் சத்தத்தை எடுக்கமாட்டாராம், சொல்லிட்டார்" என்று அவளிடம் சொல்லியிருப்பாள். அதனால்தான் என்னை மறுபடியும் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

ஆமாம். அப்படித்தான் சொன்னேன்.

"வலப்பக்கச் சத்தம் அப்படியே இருக்கும், நீ கவலைப்படாதே. அவன்கிட்ட தகடு கெட்டி, நகராதுன்னு சொல்லிடறேன்," என்று சொன்னேன். மூன்று முறை சொன்னேன். அவள் நம்பத் தயங்கினாள், அதனால் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. "லம்யாய் விஷயத்துல எனக்கு இப்ப கோபமே இல்லை. நீ செஞ்சது சரிதான்," என்றுகூடச் சொன்னேன். அதைக் கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா நல்லா இருக்காங்க அண்ணே. கை சரியாயிடுச்சு. வேலைக்குப் போறாங்க," என்றாள்.

"எங்க?"

மெல்ல, மரியாதையாகத்தான் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கையை விட்டாள்.

"அது வேண்டாம் அண்ணே," என்றாள்.

அவ்வளவுதான் அவள் செய்தது. ஒரு ஊர்ப் பெயர். அதை மட்டும் சொல்லியிருந்தால் அந்த மடிப்பை நான் தொட்டிருக்கமாட்டேன். கிரியாங் எத்தனை கத்தினாலும் தகடு கெட்டி என்றே சொல்லியிருப்பேன். அவள் இன்றைக்கும் கரும்புக்காட்டுக்குள் ஓடிக்கொண்டும் திரும்பி வந்துகொண்டும் இருந்திருப்பாள். அவள் உயிர் என் கையில் இருந்ததாக எழுதிக்கொள்கிறீர்கள். அவள் வாயில் இருந்தது. நான் கேட்டேன், அவள் சொல்லவில்லை.

ஆனாலும் நான் மறைக்கவில்லை. சத்தம் போனால் அவள் சாவாள் என்று எனக்குத் தெரியும். இருக்கும் என்று சொல்லி, அவளைப் பின்கதவில் மூட்டையை வைக்கிற அளவுக்கு நம்ப வைத்து, அதன் பிறகு எடுத்தேன். அவனுக்கு ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன். எழுதிக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

ஒரே ஒரு விஷயம், மேடம். சைபினின் இறுதிச்சடங்குக்கு லம்யாய் வருகிறாளாம், உங்களிடம் சாட்சியும் சொல்லப் போகிறாளாம், வெளியே உங்கள் ஆட்கள் பேசிக்கொண்டார்கள். அவள் என்னைத் தப்பாகப் புரிந்துகொண்டு போனவள். நேரில் உட்கார்ந்து பேசினால் சரியாகிவிடும். இத்தனை நேரம் பார்த்தீர்களே, நான் குரலை உயர்த்தினேனா? எந்த ஊரிலிருந்து வருகிறாள் என்று மட்டும் சொல்லுங்கள். போதும்.